நீண்டதூர ராலியில் வண்டி எதனால் நிற்கிறது? பிராண்ட் பற்றி என் அனுபவம்

மோட்டார் சைக்கிள் ராலிக்குப் பெயர் கொடுக்கும் புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணா, எந்த பிராண்ட் வண்டி எடுத்தால் நடுவழியில் நிற்காது?” பல வருடங்களாக நீண்டதூர ராலிகளில் ஓட்டுகிறேன். ஓட்டாத சமயங்களில் செக்பாயின்ட்டில் தன்னார்வலராக இருந்து, வந்து சேர்பவர்களின் நேரத்தையும் கிலோமீட்டரையும் குறித்துக் கொடுத்திருக்கிறேன். யாருடைய வண்டி எதனால் நின்றது என்பது அங்கே உட்கார்ந்திருந்தால் நன்றாகத் தெரியும். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. பிராண்டைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் எஞ்சினுக்காக அல்ல. வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியிருக்கும் சின்னப் பாகங்கள். அந்தப் பாகம் எது, எத்தனை கிலோமீட்டரில் கெடும், கெட்டால் சாலையோரத்தில் சரிசெய்ய முடியுமா என்பதில்தான் பிராண்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

எந்த மாதிரி ராலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் அயர்ன் பட் ராலிதான் இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. 1984-இல் தொடங்கியது, இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 11 நாட்களில் சுமார் 11,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 17,700 கிலோமீட்டர். இது வேகப் பந்தயம் இல்லை. பொதுச்சாலையில் மற்ற வாகனங்களோடு போய், பட்டியலில் கொடுத்திருக்கும் இடங்களைத் தொட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். இதே அமைப்பின் சான்றிதழ் ஓட்டங்களில் எல்லோரும் முதலில் முயல்வது சேடில்சோர்: 24 மணி நேரத்தில் 1,000 மைல். ராலியில் அந்தத் தூரத்தைத் தினமும் ஓட்ட வேண்டும், அதுவும் 11 நாளும். சாதாரணமாக ஒரு வண்டி இரண்டு மூன்று வருடத்தில் ஓடும் தூரம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

சிலர் பாலைவனப் பந்தயமான டக்கார் ராலியின் வெற்றிகளைக் காட்டி பிராண்டைத் தேர்வு செய்கிறார்கள். 2001 முதல் 2019 வரை நடந்த 18 டக்கார்களிலும் பைக் பிரிவில் கேடிஎம்தான் ஜெயித்தது. 2020-இல் ஹோண்டா அதை முடித்துவைத்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் 2011 முதல் அங்கே ஓடுவது 450 சிசிக்குள் அடங்கும் போட்டி வண்டிகள். பெரிய அணிகளுக்குப் பெரும்பாலான இரவுகளில் மெக்கானிக்குகள் வண்டியைப் பிரித்துப் பாகங்களை மாற்றிக்கொடுக்கிறார்கள். ஷோரூமில் வாங்கிய டூரிங் வண்டி பதினோராம் நாள் என்ன செய்யும் என்பதை அந்த வெற்றியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

சரி, எஞ்சினைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டாம் என்கிறேன்? எஞ்சின் தேய்வதில் பெரிய பங்கு குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போதும் நடக்கிறது. ராலியில் வண்டி ஒரு நாளைக்கு ஒருமுறைதான் முழுதாகக் குளிர்கிறது, சில நாள் அதுகூட இல்லை. ஆயில் எப்போதும் சரியான சூட்டில், ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டம். எஞ்சினுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. எந்தப் பெரிய பிராண்டாக இருந்தாலும் ஒழுங்காகப் பராமரித்த தண்ணீர்க் குளிர்ப்பு டூரிங் எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரைப் பெரிய வேலை வைக்காமல் தாண்டும். செக்பாயின்ட் வாசலில் பிஸ்டன் உடைந்து வந்தவரை நான் பார்த்ததில்லை. பேட்டரி செத்து வந்தவர்கள், பின்டயரில் நூல் தெரிய வந்தவர்கள், ஃபியூயல் பம்ப் நின்று லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்கள், இவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிராண்ட் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை 2015-இல் 11,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு வெளியிட்டது. நான்காம் வருடத்துக்குள் ஏதாவது பழுது வரும் விகிதம் யமஹாவுக்கு 11 சதவீதம், சுசுகி, ஹோண்டா இரண்டுக்கும் 12, கவாசாகிக்கு 15. ஹார்லி-டேவிட்சனுக்கு 26, டிரையம்ஃபுக்கு 29, டுகாட்டிக்கு 33, பிஎம்டபிள்யூவுக்கு 40. இதைப் பார்த்தால் பிஎம்டபிள்யூவை யாரும் நீண்டதூர ராலிக்குக் கொண்டுவரவே கூடாது. ஆனால் தொடக்கக் கோட்டில் போய் நின்று பாருங்கள். பிஎம்டபிள்யூவின் ஜிஎஸ், ஆர்டி வரிசைகளும், ஹோண்டா கோல்ட்விங்கும், யமஹா எஃப்ஜேஆர்1300-உம்தான் வரிசையாக நிற்கும். அனுபவப்பட்டவர்கள் இவ்வளவு பேர் 40 சதவீத வண்டியை ஏன் எடுத்துவருகிறார்கள்?

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே கணக்கெடுப்பில் அதிகம் வந்த புகார்கள் விளக்கு, ஸ்விட்ச், மீட்டர் போன்ற துணைப்பொருட்கள், பிரேக், மின்சாரம், எரிபொருள் அமைப்பு ஆகியவற்றைப் பற்றியவை. ஹீட்டட் சீட், எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன், டயர் பிரஷர் சென்சார் என்று நிறைய வைத்த வண்டியில் கெடுவதற்கும் நிறைய இருக்கும். டயர் பிரஷர் சென்சாரின் பேட்டரி தீர்ந்தாலும் உரிமையாளருக்கு அது பழுதுதான்; ராலிக்காரருக்கு அது பொருட்டே இல்லை, கையில் காற்றழுத்தமானி இருந்தால் போதும். எனவே சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதற்குள் வண்டியை நிறுத்தும் பழுது எவ்வளவு, நிறுத்தாத பழுது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவினை எந்த அட்டவணையிலும் கிடைக்காது. அதே மாடலை நிறைய தூரம் ஓட்டியவர்களிடம்தான் கிடைக்கும்.

ராலி முடிவுப் பட்டியலிலும் இப்படி ஒரு குழப்பம் வரும். முடிக்காதவர்கள் பட்டியலில் ஒரு பிராண்ட் அதிகமாகத் தெரிந்தால், கிளம்பியவர்களில் அந்த பிராண்ட் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். கிளம்பியதில் பாதி அந்த பிராண்டாக இருந்தால் நின்றதிலும் பாதி அதுவாக இருப்பது இயல்பு. இன்னொரு விஷயம், முடிக்காமல் போவதற்கு வண்டி காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. தூக்கக்கலக்கம், நேரத்தைத் தவறவிடுவது, குறுக்கே வரும் விலங்கு, காய்ச்சல், எல்லாம் அந்த ஒரே பட்டியலில்தான் சேரும்.

இனி நான் உண்மையில் பயப்படும் பாகங்களுக்கு வருகிறேன். முதலிடம் சார்ஜிங்குக்கு, அதாவது ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பும் அமைப்புக்கு.

ஒரு ராலியின் நடு இரவு. விடாத மழை, நல்ல குளிர். ஹீட்டட் ஜாக்கெட்டும் கைப்பிடிச் சூடும் ஓடிக்கொண்டிருந்தன. ஆக்சிலரி விளக்குகள் (கூடுதலாக மாட்டியவை) எரிந்துகொண்டிருந்தன. என் வண்டியில் வோல்ட்மீட்டர் கண்ணுக்கு நேராக இருக்கும். வழக்கமாக 14.1 காட்டுவது 13.4-க்கு வந்தது. கொஞ்ச தூரத்தில் 12.9. ஜாக்கெட்டை நிறுத்தினேன், ஆக்சிலரி விளக்கை அணைத்தேன். ஏற வேண்டிய எண் ஏறவில்லை. சுமையைக் குறைத்தும் ஏறவில்லை என்றால் கோளாறு உற்பத்தியில் இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் பங்கின் கூரைக்குக் கீழே நிறுத்தி சீட்டைக் கழற்றினேன். மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து, அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர் சேரும் கனெக்டரைத் தொட்டதும் கை சுட்டது. பிரித்தால் ஒரு முனை கருகி, பிளாஸ்டிக் உருகி ஒயரோடு ஒட்டிக்கிடந்தது.

ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் கெடவில்லை, நடுவில் இருந்த இணைப்புதான் போயிருந்தது. மூன்று ஒயரிலும் கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான செம்பு தெரியும்வரை சீவி, க்ரிம்ப் ஸ்லீவ் (அழுத்தி ஒயரைச் சேர்க்கும் சிறு உலோகக் குழாய்) போட்டு நேராக இணைத்து, டேப் சுற்றிக் கட்டினேன். மூன்று மஞ்சளும் மாற்று மின்சாரம் கொண்டுவருபவை, எதை எதோடு சேர்த்தாலும் தவறு கிடையாது. ஸ்டார்ட் செய்ததும் 14.1. மீதி ராலி முழுக்க அந்த எண் அசையவில்லை. நம்பகத்தன்மைக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் ஒரு பிராண்டின் வண்டி அது. இதற்காக அந்த பிராண்டின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இந்த மஞ்சள் ஒயர் கனெக்டர் கருகுவது ஒரு பிராண்டோடு நிற்கும் வியாதி இல்லை. நிரந்தரக் காந்த ஸ்டேட்டர் வைத்த எத்தனையோ வண்டிகளில் நடப்பது.

ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் தடுப்பதும் எளிது. இந்த வகை ஸ்டேட்டர் எஞ்சின் ஓடும்வரை முழு மூச்சில் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், தேவையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. பழைய ஷண்ட் வகை ரெகுலேட்டர் மிஞ்சியதைத் திருப்பி ஸ்டேட்டர் சுருளுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சூடாக்கித் தீர்க்கிறது. அதாவது நாம் மின்சாரம் பயன்படுத்தாவிட்டாலும் ஒயர்களில் முழு மின்னோட்டம் ஓடுகிறது. நாளெல்லாம் அதிக ஆர்பிஎம்மில் ஓடும் ராலி வண்டியில் இது சுருளையும் கனெக்டரையும் சேர்த்துச் சமைக்கும். சீரீஸ் வகை ரெகுலேட்டர் தேவையில்லாதபோது சுற்றைத் துண்டித்துவிடும், அதனால் ஸ்டேட்டர் குளிர்ச்சியாக ஓடும். என் வண்டியில் அதை மாற்றிய பிறகு சார்ஜிங் தொல்லை வரவில்லை. வண்டி வாங்கும்போது எந்த வகை ரெகுலேட்டர், அது காற்றுப் படும் இடத்தில் இருக்கிறதா, இல்லை சீட்டுக்கு அடியில் புழுங்குகிறதா என்று பாருங்கள். பிராண்டுகளின் தரம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

ராலிக்கு முன் மல்டிமீட்டரில் பத்து நிமிடச் சோதனை போதும். வண்டியை இரவெல்லாம் நிறுத்திவைத்த பிறகு பேட்டரியில் 12.6-க்குக் குறையக்கூடாது. 5,000 ஆர்பிஎம்மில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி மஞ்சள் ஒயர்களை இரண்டு இரண்டாக அளந்தால் மூன்று ஜோடியும் ஒரே எதிர்ப்பைக் காட்ட வேண்டும். எந்த ஒயரும் எஞ்சின் உடம்போடு தொடர்பில் இருக்கக்கூடாது. ஓடும்போது மூன்று ஜோடியிலும் மாற்று வோல்டேஜ் சமமாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் ஸ்டேட்டர் போய்க்கொண்டிருக்கிறது. பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

வாட் கணக்கையும் போட்டுவிடுங்கள். 500 வாட் தரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட், ஃபியூயல் பம்ப், இன்ஜெக்ஷன், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு என்று வண்டிக்கே 250 முதல் 300 வாட் போய்விடும். மீதி 200. ஹீட்டட் ஜாக்கெட் ஏறக்குறைய 75, கைப்பிடிச் சூடு 35, எல்இடி ஆக்சிலரி ஜோடி 60, ஜிபிஎஸ்ஸும் போனும் 25. கணக்கு ஏறக்குறைய முட்டிவிட்டது. இது நெடுஞ்சாலை வேகத்துக் கணக்கு. நகர நெரிசலில் ஐடிலில் ஓடும்போது உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கும். கோல்ட்விங்கை ராலிக்காரர்கள் கொண்டாடுவதற்கு சொகுசு மட்டும் காரணம் இல்லை. அதில் 2017 வரை வந்த ஜிஎல்1800 மாடலின் ஆல்டர்னேட்டர் 1,000 வாட்டுக்கு மேல் தருகிறது, என்ன மாட்டினாலும் மூச்சுத் திணறாது. என்னைக் கேட்டால் வண்டியின் குதிரைத்திறனைவிட வாட்டை முதலில் பார்ப்பேன்.

அடுத்தது பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வழி. ஷாஃப்ட்டா (செயினுக்குப் பதில் சுழலும் தண்டு), செயினா என்ற சண்டை ஓயாது. செயின் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரும். பெரிய ராலி ஒன்றே அதன் ஆயுளில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். நல்ல வானிலையில் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழை என்றால் அதில் பாதி தூரத்துக்கு ஒருமுறை. அதாவது தினமும் இரண்டு, நான்கு முறை குனிய வேண்டும். களைத்துப்போன ஐந்தாம் நாள் அதை யார் ஒழுங்காகச் செய்கிறார்கள்? தானாக எண்ணெய் சொட்டும் கருவி பொருத்திக்கொண்டால் இந்தக் கவலை பாதியாகும். ஷாஃப்ட்டில் இந்த வேலை எதுவும் இல்லை. பெரும்பாலான ராலிக்காரர்கள் அதை விரும்புவதும் இதனால்தான்.

ஆனால் ஷாஃப்ட் கெட்டால் ராலி அங்கேயே முடிந்தது. நான் நேரம் குறித்துக்கொண்டிருந்த ஒரு செக்பாயின்ட்டில், அருமையாக ஓட்டிவந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்சக்கர ரிம்மைத் துடைத்தார். துணியில் கருப்பு எண்ணெய். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் நன்றாகத் தெரிந்தது, உள்ளே பேரிங் போய், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் கெடுத்திருந்தது. “பரவாயில்லை தம்பி, விடுங்க,” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிவைத்தார். அவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது, அவ்வளவு தூரம் வந்திருந்தார். அன்றைக்கே இன்னொருவர் செயின் தொங்கத் தொங்க வந்தார், ஆக்சிலைத் தளர்த்தி இறுக்கி, அரை மணி நேரத்தில் போய்விட்டார்.

பிஎம்டபிள்யூ ஆர்1200 வரிசையின் ஃபைனல் டிரைவ் (ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும் கியர் பெட்டி) இந்த வட்டாரத்தில் ரொம்பவே பேசப்பட்ட விஷயம். அதில் ஊற்றிய ஆயிலை வாழ்நாளெல்லாம் மாற்ற வேண்டாம் என்று நிறுவனம் முதலில் சொன்னது, பிறகு மாற்றும் இடைவெளியைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் ராலி ஓட்டுபவர்கள் இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். காந்தம் வைத்த பிளக்கில் மாவு போல மெல்லிய பூச்சு இருந்தால் பயமில்லை, செதில் செதிலாகத் துண்டு வந்தால் கிளம்பக்கூடாது. எந்த ஷாஃப்ட் வண்டிக்கும் இதே சோதனைதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பராமரிப்பு இடைவெளியிலும் பிராண்டுகள் நிறைய வேறுபடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று-ஆயில் குளிர்ப்பு ஆர்1200-இல் வால்வ் இடைவெளியை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். எஃப்ஜேஆர்1300-க்கு அது சுமார் 42,000. புத்தகப்படி பார்த்தால் முதல் வண்டிக்கு ராலியின் நடுவிலேயே வால்வ் வேலை வந்துவிடும். அப்படியானால் எஃப்ஜேஆர்தான் மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஆர்1200-இல் இருக்கும் பாக்ஸர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சாலையோரத்தில் தரையில் உட்கார்ந்து, நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம். எஃப்ஜேஆர் போன்ற நான்கு சிலிண்டர் வண்டியில் அதே வேலைக்கு ஃபேரிங், டேங்க், இன்னும் என்னென்னவோ கழற்ற வேண்டும். அடிக்கடி வரும் எளிய வேலை ஒரு பக்கம், எப்போதோ வரும் பெரிய வேலை இன்னொரு பக்கம். கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு முதலாவது சரிவரும், பழகாதவருக்கு இரண்டாவது. ஓட்டுபவரை விட்டுவிட்டு பிராண்டை மட்டும் எடைபோட முடியாது என்று நான் நம்புவதற்கு இந்த உதாரணமே போதும்.

ரீகால், அதாவது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது, வராத பிராண்ட் கிடையாது. கோல்ட்விங்குக்கு 2011-இல் பிரேக் அமைப்பின் செகண்டரி மாஸ்டர் சிலிண்டருக்காக வந்தது. பின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்றார்கள். பிஎம்டபிள்யூவுக்கு 2015-இல் பின்சக்கரத்தை மாட்டும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சுக்காக; விரிசல் விடக்கூடிய அலுமினிய ஃபிளாஞ்சுக்குப் பதில் எஃகு ஃபிளாஞ்ச் போட்டார்கள். பழைய வண்டி வாங்கினால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எல்லா ரீகாலும் முடிந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ரீகால் வந்ததே என்று ஒரு மாடலை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த வேலை முடிந்த வண்டியில் பலவீனம் எங்கே என்று தெரிந்து சரிசெய்தும் ஆகிவிட்டது.

டயரில் பிராண்ட் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் அதிகம் பேரை நிறுத்துவது அதுதான். நல்ல டூரிங் பின்டயர் 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் தாங்கும். பெரிய ராலி அதைவிட நீளம். அதனால் நடுவில் எங்கே மாற்றப்போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கடைக்காரரிடம் பேசி, டயரை அங்கே தயாராக வைத்திருக்க வேண்டும். கோல்ட்விங் ஓட்டுபவர்களில் சிலர் பின்னால் கார் டயர் மாட்டிக்கொண்டு முழு ராலியையும் ஒரே டயரில் முடிக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை, நானும் மாட்டியதில்லை. ஸ்போக் ரிம்மில் ட்யூப் போட்ட வண்டியா, ட்யூப்லெஸ்ஸா என்பது மட்டும் வண்டி வாங்கும்போதே பார்க்க வேண்டியது. ட்யூப்லெஸ் பஞ்சருக்குப் பிளக் குத்திக் காற்றடிக்க பதினைந்து நிமிடம். ட்யூப் என்றால் மழை இரவில் சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

அப்புறம் நாமே மாட்டிக்கொள்ளும் பொருட்கள். செக்பாயின்ட்டில் நான் பார்த்த மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி தொழிற்சாலை ஒயரிங்கில் இல்லை. பிறகு சேர்த்த விளக்கு, ஹாரன், சார்ஜர் இணைப்புகளில்தான். பேட்டரி முனையில் ஆறு ஏழு வளையங்களை அடுக்கி ஒரே போல்ட்டில் இறுக்கியிருப்பார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் அதிர்வில் அது தளர்ந்து, வண்டி திடீரென்று செத்துப்போகும். பழி பிராண்டின் மேல் விழும். எல்லா துணைக்கருவிகளையும் ரிலே வைத்த தனி ஃப்யூஸ் பெட்டி ஒன்றிலிருந்து எடுங்கள், பேட்டரிக்குப் போவது ஒரே ஜோடி ஒயராக இருக்கட்டும். ராலிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். மாட்டிய எதுவும் குறைந்தது 2,000 கிலோமீட்டராவது ஓடி, ஒரு நல்ல மழையிலும் நனைந்திருக்க வேண்டும்.

கூடுதல் பெட்ரோல் டேங்கும் இதில் சேரும். அயர்ன் பட் விதிப்படி மொத்தக் கொள்ளளவு 11.5 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 43.5 லிட்டரைத் தாண்டக்கூடாது. நேரத்தை நன்றாக மிச்சப்படுத்தும் பொருள்தான். ஆனால் காற்றுப்போக்கிக் குழாய் மடங்கிவிட்டால் டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தும் எஞ்சினுக்கு வராது. ஃபியூயல் பம்ப் போய்விட்டது என்று நினைத்து வண்டியையே பிரித்துப்போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அப்படி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்று உள்ளே போனால் கோளாறு அங்கேதான்.

இவ்வளவையும் வைத்து வண்டியை எப்படித் தேர்வு செய்வது? புத்தம் புதிய மாடலின் முதல் வருடத் தயாரிப்பை ராலிக்கு எடுக்க மாட்டேன், அது எந்த பிராண்டாக இருந்தாலும். மாடல் வெளிவந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்க வேண்டும், அதன் குறைகள் வெளியே வந்து, மாற்றுப் பாகமும் வந்திருக்கும். அதே மாடலை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். “வண்டி நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “வழியில் உங்களை நிறுத்தியது எது, எத்தனை கிலோமீட்டரில், எப்படி வீடு வந்து சேர்ந்தீர்கள்?” என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பாகத்தைச் சொன்னால் உங்கள் வேலை சுலபமாகிவிட்டது: அந்தப் பாகத்தைக் கிளம்பும் முன் மாற்றுங்கள், இன்னொன்றைப் பெட்டியில் போடுங்கள். சில பிஎம்டபிள்யூ ஓட்டுநர்கள் ஃபியூயல் பம்ப் கன்ட்ரோலர் போனால் பம்பை நேரடியாக மின்சாரத்தோடு இணைக்க ஒரு சிறு ஒயரைக் கையோடு வைத்திருப்பது இப்படி வந்த பழக்கம்தான். தெரிந்த பலவீனம் உள்ள வண்டி, எதுவுமே தெரியாத வண்டியைவிட எனக்கு நம்பிக்கையானது.

புதிய வண்டியைவிட நன்றாகப் பழகிய வண்டி மேல் என்பதற்கு அயர்ன் பட் ராலியிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே ‘ஹோப்லெஸ் கிளாஸ்’ என்று ஒரு பிரிவு உண்டு. வயதானது, சிறியது, இந்தத் தூரத்துக்குப் பொருந்தாதது என்று கருதப்படும் வண்டிகளில் வருபவர்களுக்கானது. அவற்றில் முழு ராலியையும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை. வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் தெரிந்துவைத்திருப்பார்கள்; ஓட்டத்தில் சத்தம் கொஞ்சம் மாறினாலே இறங்கிப் பார்ப்பார்கள்.

பெட்டியில் நான் வைத்திருப்பது அதிகம் இல்லை. மல்டிமீட்டர், க்ரிம்ப் ஸ்லீவும் அதற்கான இடுக்கியும், இரண்டு மீட்டர் தடித்த ஒயர், பல அளவு ஃப்யூஸ், ஒரு ரிலே, பஞ்சர் கிட், சிறிய கம்ப்ரசர், இரும்பையும் அலுமினியத்தையும் ஒட்டும் எபாக்ஸி, கேபிள் டை, கிளட்ச் லீவர், வண்டிக்கூடவே வந்த அளவுகளில் நல்ல ஸ்பேனர்கள், தலையில் மாட்டும் டார்ச். கேபிள் கிளட்ச் உள்ள வண்டி என்றால் பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே புதிய கேபிளை முழு நீளத்துக்கும் ஓட்டிக் கட்டிவைத்துவிடுவேன். அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும். கூடவே மாற்றுச் சாவி ஒன்று, வண்டியில் அல்ல, உடம்போடு, ஜாக்கெட்டின் உள்பைக்குள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பூட்டு) வைத்த வண்டிகளில் சாவி தொலைந்தால் சாலையோரத்தில் எந்த மெக்கானிக்காலும் வண்டியை எழுப்ப முடியாது. அந்த மாற்றுச் சாவியில் வண்டி உண்மையிலேயே ஸ்டார்ட் ஆகிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.